சாகாத புழுக்கள்

மேனேஜர் ஆனந்தகுமார் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு யாரோ பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். கொல்லங்கோட்டு வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, புழு வளர்க்கிற இடத்தில் கோட்டு எதற்கு என்று யோகப்பிரியா முதல் நாளே நினைத்தாள். சொல்லவில்லை. நினைப்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் அவளிடம் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. உதட்டோரத்தில் வந்து அங்கேயே நின்றுவிடும். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே அந்தக் கம்பெனியில் காலத்தை ஓட்டிவந்தாள்.

கம்பெனியின் தொழில் விளக்கிச் சொன்னால் சுலபமானது. மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்று தீர்க்கிற படைப்புழுவுக்கு ஒரு வைரஸ் நோய் வரும். நோய் கண்ட புழு சில நாளில் கறுத்து, உள்ளுக்குள்ளேயே உருகி, இலையில் தலைகீழாகத் தொங்கிச் சாகும். அந்தச் சாற்றை வடிகட்டி, தண்ணீரில் கலந்து வயலில் தெளித்தால் அங்கிருக்கிற புழுக்களுக்கும் அதே கதிதான். மாட்டுக்கும் மனிதருக்கும் ஒன்றும் ஆகாது. மீனாட்சிபுரம் பக்கம் மாட்டுத் தீவனத்துக்காகவே சோளம் போடுகிறவர்கள் ஏராளம். மாடு தின்கிற சோளத்தட்டையில் பூச்சிமருந்து அடிக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. அதனால் இந்தப் பாட்டிலுக்கு எப்போதும் ஆள் காத்திருந்தது.

ஆனால் அந்த வைரஸ் உயிருள்ள புழுவுக்குள்தான் பெருகும். எனவே கொல்வதற்காகவே ஆயிரக்கணக்கில் புழு வளர்க்கவேண்டும். அத்தனைக்கும் தினமும் சோளக்குருத்துப் பறித்துப் போட்டால் ஊர் வயல் காலியாகிவிடும். ஆகவே சமைத்துப் போடவேண்டும். கொண்டைக்கடலை மாவு, சோள மாவு, ஈஸ்ட், வைட்டமின் எல்லாவற்றையும் கடல்பாசியோடு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் குழித்தட்டுகளில் ஊற்றினால் அல்வா மாதிரி இறுகிக்கொள்ளும். குழிக்கு ஒரு புழுதான். இரண்டை விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.

பூச்சியியலில் முதுகலை முடித்த யோகப்பிரியாவுக்கு இந்தச் சமையல் பொறுப்பு. அவளுக்குக் கீழே தட்டுகளைக் கவனித்தவள் பிலோமி. வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து கொல்லங்கோட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கை சுத்தம், வாய் ஓயாது.

யோகப்பிரியா இரண்டு வகை உணவு வைத்திருந்தாள். குஞ்சுப் புழுக்களுக்கானதில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கத் துளி ஃபார்மலின் சேர்ப்பாள். வளர்ந்த புழுவுக்கு வைரஸ் தடவிக் கொடுக்கிற உணவில் அதை வாசனைக்குக்கூடச் சேர்க்கமாட்டாள். ஃபார்மலின் பூஞ்சணத்தை மட்டுமா கொல்லும், வைரஸையும் சேர்த்துத்தான் கொல்லும். இது அவள் கண்டுபிடித்த ரகசியம் ஒன்றுமில்லை. கல்லூரிப் பாடத்திலேயே இருப்பது.

மழைக்காலம் வந்தது. வளர்ப்பறைக் கூரை ஒழுகியது. சுவர் வியர்த்தது. ஃபார்மலின் இல்லாத தட்டுகளில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் படர்ந்து தட்டுத் தட்டாகக் கொட்ட வேண்டியதாயிற்று. கூரையை மாற்றுங்கள், வாசலில் கை கழுவ ஒரு குழாய் வையுங்கள் என்று யோகப்பிரியா கேட்டாள். கோயமுத்தூரில் இருக்கும் முதலாளியிடம் பேசுவதாக ஆனந்தகுமார் சொன்னார். அவர் பேசினார்தான். ஆனால் கூரையைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு உணவையும் ஒன்றாக்கி, ஃபார்மலினை இரண்டு பங்காக்கி, அதற்கு ‘மேம்படுத்தப்பட்ட உணவு’ என்று பெயர் சூட்டிவிட்டார். கூரையை மாற்றுவதைவிடப் பெயரை மாற்றுவது லேசான வேலை.

பூஞ்சணம் அடியோடு போயிற்று. தட்டுகள் பளிச்சென்று இருந்தன. புழுக்கள் உருண்டு திரண்டு கட்டைவிரல் மாதிரி கொழுத்தன. ஆனந்தகுமார் தினமும் வந்து எடை போட்டுப் பார்த்தார். பெற்ற பிள்ளையைக்கூட அந்த மனிதர் அப்படி எடை பார்த்திருக்கமாட்டார். இறப்பு விகிதம் அனேகமாக இல்லை என்று பார்வையாளர்களுக்குத் திரையில் படம் போட்டுக் காட்டினார். சாகவேண்டிய புழு சாகவில்லை என்பதைச் சாதனையாகச் சொல்கிற ஒரு மனிதரை யோகப்பிரியா அன்றுதான் பார்த்தாள். வந்திருந்தவர்களும் கை தட்டினார்கள். அவர்கள் எதற்கும் தட்டுவார்கள், முந்திரி பிஸ்கட் வரும்வரை.

வைரஸ் தடவிய பிறகும் அந்தப் புழுக்கள் சாகவில்லை. பத்தில் ஒன்று சோர்ந்து விழுந்தது. மற்றவை தின்றுகொண்டே இருந்தன.

“இதுகளுக்கு நோவு வந்த மாதிரியே தெரியலயேக்கா. மாப்பிள விருந்துக்கு வந்ததுக மாதிரில்ல திங்குதுக,” என்றாள் பிலோமி.

யோகப்பிரியா ஆனந்தகுமாரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் எதையும் செய்யப்போவதில்லை என்று பொருள். பிறகு, அவள் புத்தகத்தில் படித்ததைச் சொல்வதாகவும் தான் உற்பத்தியைப் பார்ப்பதாகவும் விளக்கினார். உயிரோடு இருக்கும் புழுக்களை ஃப்ரீசரில் வைத்துச் சாகடித்து, அரைத்து, வடித்து, பாட்டிலில் அடைக்கச் சொன்னார். கொழுத்த புழுவாதலால் சாறு தாராளமாக வந்தது. பாட்டில்கள் முன்னைவிட அதிகமாக நிரம்பின. யோகப்பிரியா உதட்டோரம் சிரித்துவிட்டு வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு அந்த உணவையே சமைத்தாள். ஃபார்மலினைத் தன் கையாலேயே அளந்து ஊற்றினாள். சம்பளம் வாங்குகிற இடத்தில் முட்டாளோடு மல்லுக்கு நிற்பது தன் தகுதிக்குக் குறைவு என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் வைத்திருந்தாள். முதலாளி வாய்த்தது அப்படி, ஊர் வாய்த்தது அப்படி என்று எல்லோரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி ஏளனம் செய்து முடித்தால் அன்றைய பொழுது போய்விடும். கணவன் பூபதிராஜா திருப்பூரில் வேலையாக இருந்தான். வாரக்கடைசியில் வருகிறவனிடம் ஆனந்தகுமாரைப் போல நடித்துக் காட்டுவாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். வேறொன்றும் கேட்கமாட்டான்.

மாமியார் மருதாத்தாள் சிரிக்கிற ரகம் இல்லை. மீனாட்சிபுரத்தில் மாடுகளையும் தோட்டத்தையும் ஒண்டியாகப் பார்த்துக்கொண்டவள். மருமகள் புழுவுக்குச் சோறாக்குகிறாள் என்பதை அவள் வெளியில் சொல்வதே இல்லை. யாராவது கேட்டால் “கொல்லங்கோட்டுல ஒரு ஆபீசு” என்பாள். வீட்டில் அவர்கள் இருவரும் சண்டை போட்டதில்லை. ஒருவரையொருவர் மட்டமாக நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

மழை விட்டபின் மருதாத்தாள் தீவனச்சோளம் போட்டாள். முழங்கால் உயரம் வந்தபோது குருத்தில் பொத்தல் விழுந்தது. பால் சொசைட்டியில் கம்பெனி பாட்டில் கிடைத்தது. மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவந்து, சாயங்காலம் பார்த்து, பாட்டிலில் போட்டிருந்தபடியே தெளித்தாள். ஒரு வாரம் பார்த்தாள். மறுபடியும் தெளித்தாள். யோகப்பிரியா அந்தப் பக்கம் போகவே இல்லை. தோட்டம் மாமியார் ராஜ்ஜியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதாத்தாள் அவளைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிடுகிறவள் அல்ல. போய்ப் பார்த்தால் வயலில் சோளம் இல்லை. ஈர்க்கு ஈர்க்காக நரம்பு நின்றது. குருத்துக்குள் மரத்தூள் மாதிரி புழுவின் எச்சம் அடைத்துக் கிடந்தது. பக்கத்து வரப்பில், பால்மாட்டுக்குப் போட ஒன்றுமில்லாமல், மருதாத்தாள் அறுத்துவைத்த காட்டுப்புல் ஒரு கட்டு கிடந்தது. வரப்போரம் காலியான பாட்டில் ஒன்று விழுந்து கிடந்ததை அப்போதுதான் யோகப்பிரியா பார்த்தாள்.

“நீ வேலை பாக்கற கம்பெனின்னுதான் அம்மணி நானு வாங்குனேன்,” என்றாள் மருதாத்தாள். குரலில் கோபம் இல்லை. “இது வேலைக்காகாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு.”

“தெரியுமுங்க அத்தை.”

“தெரிஞ்சுமா வாயத் தொறக்காம இருந்தே?”

“ஆபீசுல சொன்னேனுங்க. அந்த ஆளு கேக்கலைங்க.”

“அந்த ஆளு கேக்காட்டிப் போறான். நானு காது கேக்காதவளா? ஒரே ஊட்டுலதான இருக்கறோம்.”

மருதாத்தாள் புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். யோகப்பிரியா நரம்பு நின்ற சோளத்துக்கு நடுவில் நின்றாள். ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் விட்டாள். வயலில் பிறந்த புழுதான். ஆனாலும் தன் தட்டிலிருந்து வந்ததைப் போலக் கொழுத்திருந்தது. அந்தச் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வரவழைத்துப் பார்த்தாள், வரவில்லை.

அன்றே, அந்தச் சாற்றைத் தானே எடுத்துப் பார்க்கிற வேலையைத் தொடங்கினாள். பால் சொசைட்டித் தலைவர் ஆறுமுகசாமியின் வயலில் மருந்தே அடிக்காத ஒரு மூலை இருந்தது. அங்கே தானாக நோய் கண்டு தலைகீழாகத் தொங்கிய சில புழுக்களைத் தேடிப் பொறுக்கினாள். மருதாத்தாளின் அழிந்த வயலிலிருந்து உயிர்ப்புழுக்களைக் கொண்டுவந்தாள். கடையில் கடல்பாசியும் கடலை மாவும் வாங்கி வீட்டு அடுப்பில் காய்ச்சினாள். மருதாத்தாள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, அது குழம்பு வைக்கிற பாத்திரமா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும், இனி அது உன்னுடையதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் தடவை காய்ச்சியதைப் புழுக்கள் சீந்தவில்லை. குழியின் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. கம்பெனியில் தட்டில் பிறந்து தட்டில் வளர்ந்த புழுக்களுக்குக் கடலைமாவு பழகியிருந்தது. வயலிலிருந்து வந்தவை இலை தின்று வளர்ந்தவை. யோகப்பிரியா சோள இலையை நிழலில் காயவைத்து, பொடித்து, சலித்து, காய்ச்சும்போது சேர்த்தாள். இரண்டாம் தடவையும் பாதிதான் தின்றன. பொடியைக் கடைசியில், சூடு தணிந்தபின் சேர்த்துப் பார்த்தாள். அப்போது வாசனை நின்றது. புழுக்கள் குழிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு தின்றன. பூஞ்சணத்துக்கு ஃபார்மலின் போடவில்லை. கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள், தட்டை வெந்நீரில் அலசினாள், அறையை ஈரமில்லாமல் வைத்தாள். கூரை ஒழுகாத வீட்டில் அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு, பொறுக்கிவந்த புழுக்களிலிருந்து எடுத்த வைரஸைத் தடவினாள். வாரம் திரும்புவதற்குள் புழுக்கள் கறுத்துத் தொங்கின. வீடு முழுக்க அடித்த நாற்றம் தாங்காமல் மருதாத்தாள் தன் சாப்பாட்டுத் தட்டை மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

யோகப்பிரியா ஆறுமுகசாமியிடம் போய், சொசைட்டி வாசலில் மூன்று தட்டு வைக்க இடம் கேட்டாள். பால் அளக்கிற இடத்தில் புழுவா என்று அவர் முகம் சுளித்தார். ஆனால் அவர் வயலிலும் பாட்டில் தெளித்து ஏமாந்த ஒரு பக்கம் இருந்தது. கடைசியில் அறிவிப்புப் பலகைக்குக் கீழே ஒரு மேஜை கொடுத்தார்.

மூன்று தட்டிலும் ஒரே வயலின் புழுக்கள், குழிக்கு ஒன்று. முதல் தட்டில் பச்சைத் தண்ணீரில் நனைத்த இலை. நடுத்தட்டில் கம்பெனி பாட்டிலில் நனைத்த இலை. கடைசித் தட்டில் அவள் வீட்டில் எடுத்த சாற்றில் நனைத்த இலை. காலையும் மாலையும் பால் ஊற்ற வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மூடியைக் கண்ணாடியாக வைத்தாள்.

ஊர் ஆண்கள் உடனே நிபுணர்களானார்கள். அமாவாசை வந்தால் மூன்று தட்டும் காலி என்றார் ஒருவர். எருமைப்பாலின் ஆவி பட்டால் புழு தாங்காது என்றார் இன்னொருவர், இத்தனைக்கும் அவரிடம் எருமையே கிடையாது. வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சுக்கு யோகப்பிரியா மனசுக்குள் அவர்களை ஒரு வழி பண்ணியிருப்பாள். இப்போது மருதாத்தாள் தினமும் பால் கேனோடு வந்து, மூன்று தட்டையும் குனிந்து பார்த்துவிட்டுப் போவது மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது.

விஷயம் கொல்லங்கோட்டுக்கு எட்டியது. ஆனந்தகுமார் காரில் வந்து இறங்கியபோது காலைப் பால் நேரம். கடைசித் தட்டில் புழுக்கள் கறுத்து மூடியில் ஒட்டித் தொங்கின. முதல் தட்டிலும் நடுத்தட்டிலும் எதை எதிலிருந்து பிரிப்பது என்றே தெரியாதபடி ஒரே மாதிரி தின்றுகொண்டிருந்தன. அவர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, இது முறையான ஆய்வே அல்ல என்று சுற்றி நின்றவர்களுக்கு வகுப்பு எடுத்தார். சூடு, ஈரப்பதம், திறந்தவெளி என்று நிறையச் சொன்னார். மேஜையில் வெயில் விழுவதையும் சுட்டிக்காட்டினார்.

ஆறுமுகசாமி துண்டை மடித்துத் தோளில் போட்டார். “வெயிலு மூணு தட்டுக்கும் ஒண்ணாத்தானுங்க உழுகுது,” என்றார்.

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். யோகப்பிரியா முன்னால் வந்து, ஃபார்மலின் சேர்த்ததையும் அதனால் வைரஸ் செத்துப்போனதையும் உயிர்ப்புழுவை அரைத்துப் பாட்டிலில் அடைத்ததையும் சொன்னாள். ஃபார்மலின் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. மீன் கெடாமலிருக்கக் கள்ளத்தனமாகப் போடுகிறார்களே அதுதானே என்று ஒரு பெண் கேட்டாள். அதேதான் என்றாள் யோகப்பிரியா. ஆனந்தகுமார் முகத்தில் ரத்தம் ஏறியது. நிர்வாகத்தின் ரகசியத்தை வெளியே சொன்னதற்கு அவள் பதில் சொல்லவேண்டி வரும் என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். நடையில் வேகமில்லை, வேகமாகப் போனால் தோற்றது தெரிந்துவிடும் என்று நினைத்தார் போலும்.

யோகப்பிரியாவுக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை பரவியது. இத்தனை நாள் மனசுக்குள் மட்டுமே பார்த்த காட்சி கண்ணெதிரே நடந்துவிட்டது. அப்போதுதான் ஆறுமுகசாமி அவள் பக்கம் திரும்பினார்.

“இது உங்குளுக்கு எப்ப இருந்து தெரியுமுங்க அம்மணி?”

மழைக்காலத்திலிருந்து தெரியும் என்றாள் அவள்.

மழைக்காலத்திலிருந்து பாட்டில் வாங்கியவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கேனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் புதிதல்ல. எத்தனையோ நாள் ஆனந்தகுமாரை அவள் பார்த்த பார்வை அது. இந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொள்ளும்போது அது எப்படி இருக்கும் என்பதுதான் அவளுக்குத் தெரியாமலிருந்தது. தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வேலை போயிற்று. அதில் அவளுக்கு வியப்பில்லை. கம்பெனி பாட்டில்களையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டது. குளிர்ப்பெட்டியில் வைக்காமல் கடைக்காரர்கள் கெடுத்துவிட்டதாகக் காரணம் சொன்னது. ஆனந்தகுமாரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. குமுளியில் ஏலக்காய்ச் செடியின் தண்டைத் துளைக்கிற புழுவுக்கு இதே மாதிரி ஒரு கூடம் திறந்து, அதற்கு அவரையே தலைவராக்கினார்கள். ஒரு இடத்தைக் கெடுத்த அனுபவம் இருக்கிறவர்தானே அடுத்த இடத்துக்குப் பொருத்தமானவர். அங்கேயும் இரண்டு உணவு கிடையாது, ஒரே உணவுதான் என்று பிலோமி போனில் சொன்னாள்.

முன்னைய யோகப்பிரியாவாக இருந்தால் இதைக் கணவனிடம் நடித்துக் காட்டியிருப்பாள். இப்போது பிலோமியின் அண்ணன் மரியஜோசப்பின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். குமுளிப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். அறிமுகமில்லாத அந்த மனிதரிடம் முழுக் கதையையும், தான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து, ஒளிக்காமல் சொன்னாள். பாட்டில் வந்தால் தோட்டத்தில் அடிப்பதற்கு முன் மூன்று தட்டு வைத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா, வச்சுப் பாத்துருவோம். மத்த தோட்டத்துக்காரங்களுக்கும் சொல்லிருதேன்,” என்றார்.

சொசைட்டிக்காரர்கள் அவளை மன்னித்தார்களா என்று தெரியாது. ஆனால் சோளம் போடவேண்டியிருந்தது, புழுவும் வந்துகொண்டிருந்தது. தவிடு மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலிசெய்து, புழு வளர்த்துச் சாறு எடுக்க அவளுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் கூட்டம் போட்டு, பெயர்ப்பலகைக்கு என்ன நிறம், திறந்துவைக்க எந்த எம்.எல்.ஏ. என்று ஒரு மாதம் பேசினார்கள். கை கழுவக் குழாய் கேட்டபோது மட்டும் பேச்சு சட்டென்று அடங்கியது. குழாய் இல்லாவிட்டால் அடுப்பைப் பற்றவைக்கமாட்டேன் என்று அவள் கூட்டத்திலேயே எழுந்து சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே வைத்துக்கொடுத்தார்கள்.

மருதாத்தாள் மறுபடியும் சோளம் விதைத்தாள். பொத்தல் கண்டதும் யோகப்பிரியாவே சாயங்காலம் போய் வயல் முழுக்கத் தெளித்தாள். ஒரு வாரம் போயிற்று. ஒருநாள் காலையில் மருதாத்தாள் தோட்டத்திலிருந்து வந்து, கையைக் கழுவி, மூக்கைச் சுளித்தபடி அடுக்களை வாசலில் நின்றாள்.

“தட்டைக்குத் தட்டை புழு தொங்குது. நாத்தம் கொடலப் பொரட்டுது,” என்றாள். கொஞ்சம் நின்று, “மாடு அந்தத் தட்டையத் திங்குமா?” என்று கேட்டாள்.

“திங்குமுங்க அத்தை. ஒண்ணும் பண்ணாதுங்க.”

“நெசமாத்தான?”

“நெசமாத்தானுங்க.”

மருதாத்தாள் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் தோட்டத்துக்கு நடந்தாள்.